மெலிந்திருக்கிறது, ஆனால் துள்ளுகிறது: ரேஸை விட்ட குதிரைக்கு என்ன தீனி?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு. நான்கு மாதத்துக்கு முன் ரேஸை விட்டு வந்த, காயடித்த 6 வயதுக் குதிரை ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். காலை 6 மணி, மாலை 6 மணி என இரண்டு வேளை தீனி. ஒரு நாளைக்கு ஓட்ஸ் 3 கிலோ, ஊறவைத்த கொள்ளு ஒன்றரைக் கிலோ, கோதுமைத் தவிடு 1 கிலோ. அதோடு கோ-4 புல் இரண்டு கட்டு, ராத்திரிக்கு வைக்கோல். இவ்வளவு போட்டும் விலா எலும்பு எண்ணலாம் போலிருக்கிறது. ஆனால் வெளியே கூட்டிவந்தால் நான்கு காலும் தரையில் நிற்பதில்லை. ஏறவிடாமல் சுற்றுகிறது, பைக் சத்தம் கேட்டால் பறக்கிறது, பொழுது சாய்ந்தால் பாக்ஸுக்குள்ளேயே (அதை அடைத்துவைக்கும் லாயத்து அறை) வட்டமடிக்கிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் ‘கொள்ளு சூடு, நிறுத்துங்க’ என்கிறார். குதிரையை விற்றவர் ‘இளைச்சிருக்கு, ஓட்ஸைக் கூட்டுங்க’ என்கிறார். யார் பேச்சைக் கேட்பது என்பது உங்கள் கேள்வி.

இருவரும் பாதி சரி. மெலிவு ஒரு வியாதி, துள்ளல் இன்னொரு வியாதி என்று இருவரும் தனித்தனியாகப் பார்க்கிறார்கள், அங்கேதான் தவறு. பெரும்பாலும் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். தானியம் அதிகம், புல் குறைவு, நாள் முழுக்க தனிமை.

குதிரையின் இரைப்பை அதன் உடம்போடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. சுமார் 10 முதல் 15 லிட்டர்தான் பிடிக்கும். ஆனால் அமிலம் மட்டும் 24 மணி நேரமும் சுரந்துகொண்டே இருக்கும், தின்றாலும் தின்னாவிட்டாலும். அந்த அமிலத்தை மட்டுப்படுத்தும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டும்தான் ஊறும். திறந்தவெளியில் விட்ட குதிரை ஒரு நாளில் 16 மணி நேரம்கூட மேய்ந்துகொண்டே இருப்பது இதனால்தான். 1 கிலோ ஓட்ஸை அது பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடித்துவிடும். அதே 1 கிலோ காய்ந்த புல்லை மெல்ல முக்கால் மணி நேரமாவது ஆகும். உங்கள் குதிரை மாலை 7 மணிக்குத் தானியத்தை முடித்துவிட்டு, வைக்கோலை முகர்ந்து பார்த்துவிட்டு, மறுநாள் காலை 6 மணிவரை என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள். பயிற்சியில் இருக்கும் ரேஸ் குதிரைகளில் பத்தில் எட்டு, ஒன்பதுக்கு இரைப்பைப் புண் இருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. ரேஸை விட்டுவிட்டால் அந்தப் புண் தானாக ஆறிவிடாது. அதே தீனி தொடர்ந்தால் புண்ணும் தொடரும்.

இன்னொரு கணக்கு, மாவுச்சத்து. ஒரு வேளையில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 கிராமுக்கு மேல் மாவுச்சத்து போகக் கூடாது என்பது பாதுகாப்பான எல்லை. 440 கிலோ குதிரைக்கு அது 440 கிராம். நீங்கள் ஒரு வேளைக்கு வைக்கும் ஒன்றரைக் கிலோ ஓட்ஸில் மட்டுமே சுமார் 600 கிராம் இருக்கிறது. கொள்ளையும் தவிட்டையும் நான் இன்னும் சேர்க்கவில்லை. சிறுகுடலில் செரிக்காத மிச்சம் பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும். வயிறு கலங்கும், லத்தி இளகும், குதிரை எரிச்சலாகும். அளவு மீறினால் வயிற்றுவலியிலும் குளம்பு வீக்கத்திலும் கொண்டுபோய் விடும். தின்றது உடம்பில் ஒட்டவில்லை என்று நீங்கள் புலம்புகிறீர்களே, அதில் பாதி இங்கேதான் போகிறது.

இதெல்லாம் எனக்கு ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தது என்று நினைக்க வேண்டாம். ரேஸிலிருந்து நான் வாங்கிய முதல் குதிரை ஒரு பெட்டை. உங்களுடையதைப் போலவே துள்ளல். ‘தானியத்தை நிறுத்து, தானா அடங்கும்’ என்றார்கள், நிறுத்தினேன். அதற்குப் பதிலாக எதையும் கூட்டவில்லை. மூன்றே வாரத்தில் இடுப்பெலும்பு துருத்திக்கொண்டது, தென்னமட்டை விழுந்தால்கூட சுவரில் போய் மோதினாள். பயந்துபோய் ஓட்ஸை 5 கிலோவாக ஏற்றினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சவாரி இல்லை, தீனியை மட்டும் குறைக்கவில்லை. திங்கள் காலை வெளியே கூட்டிப்போன பத்தாவது நிமிடம் அப்படியே நின்றுவிட்டாள். வேர்வை ஊற்றுகிறது, பின்தொடை பலகை மாதிரி இறுகிக் கிடக்கிறது, கொஞ்ச நேரத்தில் மூத்திரம் காபி நிறத்தில் வருகிறது. ரேஸ் வட்டாரத்தில் இதற்கு டையிங்-அப் என்று பெயர். தசை சிதைந்து அந்தச் சாயம் சிறுநீரில் இறங்குவது. படபடப்பான இளம் பெட்டைகளுக்கு அதிகம் வரும், மாவுச்சத்து அதைத் தூண்டும். மருத்துவர் வந்து டிரிப் ஏற்றி ஒரு வாரம் கழித்துத்தான் அவள் சரியாக நடந்தாள். தவறு முழுக்க என்னுடையது. அன்றிலிருந்து வேலை இல்லாத நாளில் தானியம் பாதிதான், அதுவும் முந்தின நாள் மாலையிலிருந்தே.

அந்தச் சமயத்தில்தான் ரேஸ் லாயத்தில் முப்பது வருடம் சைஸாக, அதாவது குதிரை பராமரிப்பவராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பாய் என்னிடம் இரண்டு மாதம் வந்து தங்கினார். வந்ததும் குதிரையைப் பார்க்கவில்லை, பாக்ஸின் தரையைப் பார்த்தார். மண்தரையில் சுவரை ஒட்டி வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது, அவள் சுற்றிச் சுற்றி வந்த தடம். புல்லை ஒரே இடத்தில் கட்டித் தொங்கவிடாமல் நான்கு மூலையிலும் ஒவ்வொரு அணைப்பு போடச் சொன்னார். ராத்திரி ஒரு எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டுக் கதவுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டார். சரியாக மூன்றரை மணிக்கு அவள் நடக்க ஆரம்பித்தாள். ரேஸ் லாயத்தில் விளக்கு எரிந்து, வாளி சத்தம் கேட்டு, ட்ராக் வொர்க்குக்குத் தயாராகிற நேரம் அது. பாய் விளக்கைப் போடவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. “அது இன்னும் ரேஸ்லதான் இருக்கு தம்பி. முடிஞ்சுபோச்சுன்னு யாரும் அதுகிட்ட சொல்லல” என்றார். அவள் இரண்டு சுற்று வந்தாள், மூலையில் கிடந்த புல்லை முகர்ந்தாள், தின்ன ஆரம்பித்தாள். மூன்றாவது சுற்று வரவில்லை. மறுநாள் மறுபடியும் நடந்தாள், அது வேறு விஷயம். முழுதாக நிற்க ஐந்து வாரம் ஆனது.

சரி, உங்கள் குதிரைக்கு வருவோம். முதலில் நீளமான ஒரு தையல் டேப் எடுத்து நெஞ்சுச் சுற்றளவை முன்னங்காலுக்குப் பின்னால், மூச்சு விடும்போது அளந்துகொள்ளுங்கள். பிறகு தோள் முனையிலிருந்து பிட்டத்து முனைவரை நீளம். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் எடை கிலோவில் வரும், அளவுகள் சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். 180 சுற்று, 160 நீளம் என்றால் 436 கிலோ. துல்லியம் இல்லைதான். ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே டேப்பால் அளந்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். கண்ணை நம்ப வேண்டாம், தினமும் பார்க்கிற கண் ஏமாற்றும்.

எடையில் 2 சதவீதம் உலர் நிலையில் புல் போக வேண்டும். 440 கிலோவுக்கு அது 9 கிலோ. எந்தக் காரணத்துக்காகவும் ஒன்றரை சதவீதத்துக்குக் கீழே இறக்காதீர்கள். பச்சைப் புல்லில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் தண்ணீர்தான், அதை மறந்துதான் பலர் ஏமாறுகிறார்கள். ‘இரண்டு கட்டு போடுறேன்’ என்கிறீர்கள், அந்தக் கட்டைத் தராசில் வைத்துப் பார்த்ததுண்டா? 20 கிலோ பச்சைப் புல் என்றாலும் உள்ளே போவது 4, 5 கிலோதான்.

இப்போது கோ-4 பற்றி. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கொங்கு நாட்டில் குதிரை வைத்திருக்கும் பாதிப் பேர் இதைத்தான் போடுகிறார்கள். இந்தக் கம்பு-நேப்பியர் ஒட்டுப்புல் மாட்டுக்கு நல்லது. அதில் ஆக்சலேட் அதிகம், அது சுண்ணாம்புச் சத்தைக் கட்டிவைத்துக்கொள்ளும். மாட்டின் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதை உடைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி போதாது. பல மாதம் அதையே தின்றால் உடம்பு எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுக்கும். காரணம் தெரியாத நொண்டல், பிறகு முகத்தெலும்பு இருபுறமும் புடைத்துவிடும். பெரிய தலை நோய் என்பது இதுதான். காங்கேயத்துக் கொரங்காட்டில், அதாவது மேய்ச்சல் நிலத்தில் வளரும் கொழுக்கட்டைப்புல்லும் இதே ரகம். உங்கள் தீனியில் இதோடு தினமும் 1 கிலோ கோதுமைத் தவிடு வேறு இருக்கிறது. தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், சுண்ணாம்பு சொற்பம். இரண்டும் சேர்ந்து ஒரே பக்கம் இழுக்கின்றன. தவிட்டை 200 கிராமுக்கு இறக்குங்கள், அல்லது விட்டேவிடுங்கள். கோ-4 வேறு வழியில்லை என்றால் மொத்தப் புல்லில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

ஈடுகட்ட உங்கள் கையிலேயே மருந்து இருக்கிறது: குதிரை மசால். பெயரிலேயே குதிரை இருக்கிறது, ஆனால் நம் ஊரில் ஆட்டுக்கும் முயலுக்கும்தான் போடுகிறோம்! கோயம்புத்தூர் வட்டாரத்தில் நன்றாக வரும். சுண்ணாம்புச் சத்து நிறைய, புரதமும் உண்டு. அந்தச் சுண்ணாம்பும் புரதமும் இரைப்பை அமிலத்தையும் தணிக்கும். குதிரை மசால் வேறு, வேலிமசால் வேறு, விதை வாங்கும்போது பார்த்து வாங்குங்கள். சவுண்டல் என்கிற சூபாபுல் இலையை ‘இதுவும் மசால் மாதிரிதான்’ என்று யாராவது வெட்டிக்கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். அதில் உள்ள மைமோசின் குதிரையின் பிடரிமயிரையும் வால்மயிரையும் கொட்டவைத்துவிடும். பச்சைச் சோளப்பயிரும் வேண்டாம், மூத்திரப்பை கெட்டுப் பின்னங்கால் தள்ளாடும்.

ஆக, நாளுக்குக் காய்ந்த புல் 5 கிலோ, அருகம்புல்லோ வரப்புப் புல்லோ பச்சையாக 12 கிலோ, பச்சைக் குதிரை மசால் 6 அல்லது 7 கிலோ. கூட்டிப் பார்த்தால் 9 கிலோ உலர் எடை வந்துவிடும். காய்ந்த புல்லுக்கு ரோட்ஸ் புல் அல்லது ஓட்ஸ் தட்டை நல்லது. வைக்கோலைக் கொறிக்க ஓரமாகக் கொஞ்சம் போடலாம், அதுவே ராத்திரித் தீனி ஆகிவிடக் கூடாது. யூரியா தெளித்த வைக்கோல் பக்கமே போக வேண்டாம். இந்தப் புல்லை ஐந்தாறு தவணையாகப் பிரித்து, பெரிய பங்கை ராத்திரி 9 மணிக்குப் போடுங்கள். காலையில் நீங்கள் போகும்போது மூலையில் ஒரு பிடி மிச்சம் கிடக்க வேண்டும். மிச்சமே இல்லை என்றால் போட்டது பற்றவில்லை.

எடை ஏற ஓட்ஸுக்குப் பதில் என்ன? தென்னந்தோப்புக்காரர் நீங்கள், இதை என்னிடம் கேட்கிறீர்கள்! தேங்காய்ப் புண்ணாக்கு. மாவுச்சத்து அதில் இல்லை என்றே சொல்லலாம், செக்கில் ஆட்டியதில் எண்ணெய் மிச்சம் இருக்கும், நார் இருக்கும், 20 சதவீதம் அளவுக்குப் புரதம் இருக்கும். ஆஸ்திரேலியாவில் இதைத் துள்ளாத குதிரைத் தீனி என்று சொல்லி மூட்டையில் அடைத்து விற்கிறார்கள், நாம் மாட்டுத் தொட்டியில் கரைக்கிறோம். ஆனால் ஒரு நிபந்தனை: புதுசாக இருக்க வேண்டும். பூஞ்சை பிடித்த கொப்பரையில் ஆட்டியதும், மூட்டையில் வெம்மை தட்டியதும், காறல் வாசனை வருவதும் கூடாது. அஃப்ளாடாக்ஸின் என்கிற பூஞ்சை நச்சு ஈரலைத் தின்றுவிடும். சில களங்களில் கொப்பரைக்குக் கந்தகப் புகை போடுவார்கள், அப்படிப் போடாத கொப்பரையா என்று மில்லில் கேட்டு வாங்குங்கள். கட்டியை உடைத்து, இரண்டு பங்கு தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, பொலபொலவென்று ஆனதும் வையுங்கள். நம் வெயிலில் அரை நாள் வைத்தால் புளித்துவிடும், அந்தந்த வேளைக்கு ஊறவையுங்கள். முதல் வாரம் 200 கிராமில் ஆரம்பித்து ஒரு மாதத்தில் ஒன்றரைக் கிலோவுக்குப் போகலாம், மூன்று வேளையாகப் பிரித்து. முதல் இரண்டு நாள் முகம் சுளிக்கும். ஒரு பிடி ஓட்ஸ் மேலே தூவுங்கள்.

கடலைப் புண்ணாக்கை நான் தவிர்ப்பேன், பூஞ்சை நச்சு அதில் இன்னும் அதிகம். கடையில் வாங்கும் கோழித்தீவனம், மாட்டுத்தீவனம் எதுவும் குதிரை வாய்க்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும். சிலவற்றில் மொனென்சின் போன்ற மருந்து கலந்திருக்கும். கோழிக்கு ஒன்றும் செய்யாத அளவு குதிரையின் இதயத்தை நிறுத்திவிடும். பூசணம் பிடித்த மக்காச்சோளம் மூளையைத் தாக்கும். சைலேஜும், அதாவது காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்த பசுந்தீவனமும் வேண்டாம்.

கொள்ளு விஷயம். ‘கொள்ளுன்னா வாயைத் திறக்கும், கடிவாளம்னா வாயை மூடும்’ என்று பழமொழி இருக்கிற ஊரில் கொள்ளை அடியோடு நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், நிறுத்தவும் தேவையில்லை. கொள்ளு ‘சூடு’ என்பதில் உண்மை இல்லை. அதில் புரதம் 22 சதவீதம், மாவுச்சத்தும் கணிசமாக உண்டு. ஒன்றரைக் கிலோ என்பதுதான் பிரச்சினை, அதுவும் ஊறவைத்து மட்டும். பச்சைக் கொள்ளில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது, வேகவைத்தால் அது போய்விடும். தினம் 300 கிராம், குழைய வேகவைத்து, ஆறவைத்துப் போடுங்கள்.

எண்ணெய் நல்ல வழி. மாவைவிட இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி, துள்ளலைக் கிளப்பாது. தேங்காய் எண்ணெய், அரிசித்தவிட்டு எண்ணெய் எதுவானாலும் 30 மில்லியில் தொடங்கி மூன்று வாரத்தில் 150 மில்லி. ஒரேயடியாக ஊற்றினால் கழிச்சல் வரும். உப்பு தினம் 30 கிராம், வேர்த்தால் 50. தண்ணீர்த் தொட்டி எந்நேரமும் நிரம்பியிருக்க வேண்டும், வெயில் நாளில் 50 லிட்டர்கூடக் குடிக்கும். வெல்லம் ஒரு உருண்டை பாசத்துக்குக் கொடுங்கள், தீனியில் கரைத்து ஊற்ற வேண்டாம். மக்னீசியப் பொடி, ‘அமைதிப் பேஸ்ட்’ என்று விற்பதற்கெல்லாம் செலவழிக்கும் பணத்தில் இன்னும் பத்துக் கட்டுப் புல் வாங்கலாம்.

எதையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். பெருங்குடல் நுண்ணுயிர்கள் புதுத் தீனிக்குப் பழக இரண்டு வாரமாவது ஆகும். முதலில் புல்லைக் கூட்டுங்கள். நான்கைந்து நாள் கழித்து ஓட்ஸை மூன்று நாளைக்கு அரைக் கிலோ வீதம் இறக்கினால் மூன்று வாரத்தில் முடிந்துவிடும். நான் செய்ததைப் போல முதலில் குறைத்துவிட்டுப் பிறகு யோசிக்க வேண்டாம்.

இதற்கிடையில் மருத்துவரைக் கூப்பிடுங்கள், தீனி மாற்றுவதற்கு முன்பே கூப்பிட்டால் இன்னும் நல்லது. பல் ஓரம் கூராகிக் கன்னத்தைக் கிழிக்கிறதா, லத்தியில் புழு முட்டை எவ்வளவு, இரத்தத்தில் சர்ரா ஒட்டுண்ணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சர்ரா மாட்டு ஈக்கள் மூலம் பரவும், விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் மெலிவும்தான் அடையாளம், எவ்வளவு தீனி போட்டாலும் ஒட்டாது. இரைப்பைப் புண் இருக்கும் என்று அவர் நினைத்தால் அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமெப்ரசோல் மருந்தை நான்கு வாரம் கொடுக்கச் சொல்வார். அதன் அளவு எடையைப் பொறுத்தது, மனிதர் மாத்திரையை நீங்களாகப் பொடித்துப் போடாதீர்கள். எண்டோஸ்கோப்பி வைத்துப் பார்க்க வசதி இருந்தால் பார்த்துவிடலாம். வயிற்றுப்பட்டை கட்டும்போது காதை மடக்கிக் கடிக்க வருகிறதா? அப்படியானால் புண்ணுக்கு வாய்ப்பு அதிகம். முதுகு வலியும் இதே மாதிரி காட்டும், சேணம் சரியாக உட்காருகிறதா என்று கையை விட்டுப் பாருங்கள். ரேஸ் சேணம் கையளவுதான், நீங்கள் வைத்திருப்பது அதன் முதுகுக்குப் புதுப் பாரம்.

தீனி பாதிதான். மீதி, அதன் நாள் எப்படிப் போகிறது என்பது. ரேஸ் லாயத்தில் அது ஒரு நாளில் 22 மணி நேரம் பாக்ஸுக்குள் நின்றது, உண்மை. ஆனால் அங்கே இருபுறமும் குதிரை, ஓயாத ஆள் நடமாட்டம். உங்கள் தோப்பில் பாக்ஸ் அதேதான், கூட்டம் மட்டும் இல்லை. தினமும் நான்கு மணி நேரமாவது வெளியே விட வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக முழுப் பகலுக்கு ஏற்றலாம். முதல் வாரம் கையில் பிடித்து மேயவிடுங்கள். பிறகு சின்ன அடைப்பில், வயிற்றில் புல்லோடு, வெயில் தாழ்ந்ததும் விடுங்கள். விட்ட முதல் பத்து நிமிடம் தறிகெட்டு ஓடும். ஓடும் இடத்தில் முள்கம்பி வேலி இருந்தால் அன்றே கதை முடிந்துவிடும். ரேஸ் குதிரைக்கு முள்கம்பி என்றால் என்னவென்றே தெரியாது, நேராகப் போய் விழும். மரச்சட்டமோ, வெள்ளைப் பட்டை கட்டிய மின்வேலியோ போடுங்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு, மூடாத ஆழ்துளைக் கிணற்றுக் குழி, தொங்கும் டிரிப் பைப், காய் முற்றிய மரத்தடி, எல்லாவற்றையும் ஒருமுறை குதிரையின் கண்ணால் நடந்து பாருங்கள். வேலியோரம் அரளி இருந்தால் வேரோடு பிடுங்குங்கள், ஒரு கைப்பிடி காய்ந்த இலை போதும் உயிர் போக. ஆமணக்கு விதையும் அப்படித்தான், உரத்துக்கு வாங்கி வைத்திருக்கும் ஆமணக்குப் புண்ணாக்கும் அப்படித்தான்.

சவாரி இப்போதைக்கு வேண்டாம். ஆறு வாரம் நடை, நடை, நடை. ரேஸில் கடிவாள வாரை இறுக்கிப் பிடித்தால் அதன் மேல் சாய்ந்துகொண்டு இன்னும் வேகமாகப் போகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் பயந்து இழுக்கும்போதெல்லாம் அதற்கு ‘ஓடு’ என்றுதான் கேட்கிறது. வாரை லேசாக இழுத்து உடனே விடுவதும், குரல் கொடுப்பதும், வட்டத்துக்குள் திருப்புவதும்தான் புதிய பாஷை. ஏறவிடாமல் சுற்றுகிறது என்றீர்கள். அது முரட்டுத்தனம் இல்லை. ரேஸில் ஜாக்கியை யாராவது தூக்கிவிடுவார்கள், குதிரை நடந்துகொண்டே இருக்கும். அசையாமல் நின்று ஆளை ஏற்றிக்கொள்வது அதற்குப் புதுப் பாடம். ஒரு ஸ்டூல் பக்கத்தில் தினமும் ஐந்து நிமிடம் நிறுத்தி, யாரும் ஏறாமல், ஒரு பிடி மசால் கொடுத்துக் கூட்டிப்போய்விடுங்கள். சவாரி தொடங்கிய பிறகும், கிளம்புவதற்கு முன் இரண்டு மூன்று பிடி மசால் தின்னவையுங்கள். வயிற்றில் மிதக்கும் அந்த மெத்தை அமிலம் மேலே தெறிப்பதைத் தடுக்கும். வெறும் வயிற்றில் காலைச் சவாரி என்பது ரேஸ் லாயத்துப் பழக்கம், அதை அங்கேயே விட்டுவிடலாம்.

பங்குனி, சித்திரையில் காலை ஏழரைக்குள் வேலையை முடித்துவிடுங்கள். முடிந்ததும் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, வழித்து, மறுபடி ஊற்றுங்கள். சூடான உடம்பில் தண்ணீர் பட்டால் இழுத்துக்கொள்ளும் என்பது பழைய நம்பிக்கை, உண்மை இல்லை. வெயிலில் மூச்சு இறைக்கிறது, ஆனால் மேலில் வேர்வையே இல்லை, மயிர் வறண்டு கிடக்கிறது என்றால் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். நம் சீதோஷ்ணத்தில் சில குதிரைகளுக்கு வேர்க்கிற சக்தியே நின்றுவிடும்.

எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்பீர்கள். பாக்ஸ் சுற்றுவது ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் குறையும். விலா மூட மூன்று மாதம். பைக் சத்தத்துக்குத் தலையை மட்டும் தூக்கிவிட்டு மறுபடி மேய ஒரு வருடம்கூட ஆகலாம். சில குதிரைகள் எவ்வளவு செய்தாலும் படபடப்பாகவே இருக்கும், அவற்றுக்கு அனுபவமுள்ள கைதான் சரி. உங்களுடையது அந்த ரகமா என்று இப்போதே சொல்ல முடியாது, ஏனென்றால் அது இன்னும் ஒரு நாள்கூட வயிறு நிறையத் தின்னவில்லை.

துணைக்கு இன்னொரு குதிரை வாங்க வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். அந்தியூர் சந்தையில் நாட்டுக்குதிரை பார்க்கப் போகிறேன் என்றும். அந்தச் சந்தை கூடும் ஆடி மாதம்வரை பொறுங்கள், அவசரமில்லை. இப்போதைக்கு ஒரு வெள்ளாடு போதும். ரேஸ் லாயங்களில் படபடக்கும் குதிரைக்கு ஆடு துணை விடுவது உலகம் முழுக்க இருக்கும் பழைய வழக்கம். கொம்பில்லாத, வயதான பெட்டையாகப் பாருங்கள். முதல் மூன்று நாள் தட்டிக்கு அந்தப் பக்கம் கட்டிவைத்து, முகர்ந்து பழகிய பிறகு உள்ளே விடுங்கள். குதிரைக்குத் தானியம் வைக்கும் நேரத்தில் மட்டும் ஆட்டை வெளியே கட்டிவிடுங்கள். அது பாத்திரத்துக்குள் தலையை விடும். ஓட்ஸும் கொள்ளும் அளவு மீறினால் ஆட்டுக்கு வயிறு உப்பி, விடிவதற்குள் செத்துப்போகும்.